தரவுத்தளத்தின் கதவு திறக்காதபோது

உயர்தரத்தில் தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் படிக்கும் தங்கைமாருக்குத் தரவுத்தளம் என்ற சொல் புதிதல்ல. அட்டவணை, முதன்மைச் சாவி, எஸ்கியூஎல் வினவல் எல்லாம் பரீட்சைத் தாளில் வந்துபோகும். கணிதம் படிப்பவர்களுக்கு இடை, நியம விலகல் போன்றவை பழக்கமானவை. இந்த இரண்டையும் பாடசாலையில் இரண்டு ஆசிரியைகள், இரண்டு வகுப்பறைகளில், ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாதவை போலக் கற்பிக்கிறார்கள். பல்கலைக்கழகத்தின் இறுதி ஆண்டிலோ முதல் தொழிலிலோ இவை சந்திக்க வேண்டி வருகிறது. தரவு ஒரு சேவையகத்தில் கிடக்கும். கணக்குப் போடும் மென்பொருள் நம் மடிக்கணினியில் இருக்கும். அந்த மென்பொருளுக்கு "போய் எடுத்து வா" என்று கட்டளையிட்டால், சிவப்பு எழுத்தில் நான்கு வரி ஆங்கிலம் வந்து நிற்கும். அங்கேதான் நிறையப் பேர் மனம் உடைந்து போகிறார்கள்.

நான் இக்கல்லூரியில் படித்து வெளியேறி, இப்போது தரவு ஆய்வுப் பணியில் இருக்கிறேன். அந்தச் சிவப்பு வரிகளை எப்படி வாசிப்பது என்பதைத்தான் இங்கே எழுத நினைக்கிறேன். இவ்விதழைப் பெற்றோரும் வாசிப்பதால் கொஞ்சம் அடிப்படையிலிருந்தே தொடங்குகிறேன்.

"எதற்கு இவ்வளவு பாடு? தரவை எக்செலில் இறக்கி எடுத்துக்கொண்டால் போதாதா?" என்று கேட்கலாம். சிறிய வேலைக்குப் போதும். பெரிய வேலைக்குப் போதாது என்பதற்கு 2020ஆம் ஆண்டு இங்கிலாந்தில் நடந்ததை விடப் பெரிய சாட்சி வேண்டியதில்லை. அங்கே கொவிட்-19 பரிசோதனை முடிவுகள் ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குப் பழைய எக்செல் கோப்பு வடிவத்தில் போய்க்கொண்டிருந்தன. அந்தப் பழைய வடிவத்தில் ஒரு தாளுக்கு 65,536 வரிசைகள்தான் கொள்ளும். அதற்கு மேல் வந்தவை உள்ளே போகவில்லை. செப்டெம்பர் 25 முதல் ஒக்டோபர் 2 வரையில் 15,841 நோயாளர்கள் நாளாந்தக் கணக்கில் விடுபட்டுப் போனார்கள். அவர்களோடு பழகியவர்களைத் தேடி எச்சரிக்கும் வேலையும் அத்தனை நாள் பிந்தியது.

அதே ஆண்டு சனவரியில் நம் நாட்டில் வேறொரு வழி எடுக்கப்பட்டது. டிஎச்ஐஎஸ்2 என்பது ஒஸ்லோ பல்கலைக்கழகத்தின் ஒருங்கிணைப்பில் உருவாகும் இலவசச் சுகாதாரத் தகவல் முறைமை. வெளிநாட்டிலிருந்து வந்திறங்குவோரைப் பதிந்து பின்தொடர்வதற்கு அதை இலங்கையில் மாற்றியமைத்தார்கள். முதல் நோயாளி இங்கே கண்டறியப்பட்டது அந்த மாதம் 27ஆம் திகதி. கொவிட்டுக்கு அந்த முறைமையை முதலில் பயன்படுத்திய நாடு இலங்கை. பிறகு பல நாடுகள் அதைப் பின்பற்றின. அந்த முறைமையின் அடியில் இருப்பது போஸ்ட்கிரெஸ்எஸ்கியூஎல் என்ற தரவுத்தளம். பதிவு ஓர் இடத்தில் இருந்தால், பார்க்க வேண்டியவர்கள் எல்லாரும் அதே பதிவைப் பார்க்கலாம். பிரதிக்குப் பிரதி எடுத்து வரிசைகளைத் தொலைக்க வேண்டியதில்லை.

எக்செல் இன்னொரு சின்ன அநியாயமும் செய்யும். நம் ஊர்த் தொலைபேசி எண்கள் 032 என்று தொடங்குகின்றன அல்லவா? சாதாரண எழுத்துக் கோப்பு ஒன்றை எக்செலில் திறந்தால் அது எண் என்று நினைத்து முன்னால் உள்ள பூச்சியத்தை விழுங்கிவிடும். நேரடியாகத் தரவுத்தளத்தோடு இணைந்தால், எழுத்தாக வைத்தது எழுத்தாகவே வரும்.

இனி இணைப்பு என்றால் என்னவென்று பார்ப்போம்.

சிங்களம் தெரியாத ஓர் உம்மம்மா அரச அலுவலகம் ஒன்றுக்குப் போகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதலில் அவருக்கு மொழிபெயர்த்துச் சொல்ல ஒரு பேத்தி வேண்டும். பிறகு அலுவலகம் எந்தத் தெருவில் என்று தெரிய வேண்டும். போய்ச் சேர்ந்தபின் எந்தச் சாளரம் என்று தெரிய வேண்டும். அந்தச் சாளரம் திறந்திருக்கவும் வேண்டும். அங்கே அடையாள அட்டையைக் காட்ட வேண்டும். அட்டை சரியாக இருந்தாலும், அவர் கேட்கும் கோப்பைப் பார்க்க அவருக்கு உரிமை இருக்க வேண்டும். இந்த ஐந்தில் எது தவறினாலும் வெறுங்கையோடுதான் வீடு திரும்புவார். ஆனால் ஒவ்வொரு தவறுக்கும் பரிகாரம் வேறு. சாளரம் மூடியிருந்ததற்கு அடையாள அட்டையைப் புதுப்பித்துப் பயனில்லை.

தரவுத்தள இணைப்பும் இதேதான். மொழிபெயர்க்கும் பேத்தியின் பெயர் டிரைவர். அலுவலகத்தின் முகவரி சேவையகத்தின் பெயர் அல்லது ஐபி எண். சாளரம், போர்ட் என்று சொல்லப்படும் துறை எண். அடையாள அட்டை, பயனர் பெயரும் கடவுச்சொல்லும். கடைசியாக, இன்ன அட்டவணையை வாசிக்கலாம் என்ற அனுமதி.

டிரைவர் ஏன் தேவை என்பதைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். எஸ்பிஎஸ்எஸ் 1968இல் வந்த மென்பொருள். சாஸ் 1976இல் வந்தது. ஆர் என்ற இலவச மென்பொருளை 1990களின் தொடக்கத்தில் நியூசிலாந்தின் ஒக்லாந்து பல்கலைக்கழகத்தில் ரொஸ் இஹாக்கா, ரொபர்ட் ஜென்டில்மன் என்ற இருவர் எழுதினார்கள். இருவரின் பெயரும் ஒரே எழுத்தில் தொடங்குவதால் மென்பொருளுக்கும் அந்த எழுத்தே பெயரானது. தரவுத்தளங்களோ தனிப் பரம்பரை. ஐபிஎம் நிறுவனத்தில் இருந்த கொட் 1970இல் எழுதிய ஆய்வுக் கட்டுரையிலிருந்து பிறந்தவை; மைஎஸ்கியூஎல், ஒராக்கிள், எஸ்கியூஎல் சேவர் என்று ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு பேச்சு வழக்கு. ஒவ்வொரு ஆய்வு மென்பொருளும் ஒவ்வொரு தரவுத்தளத்தின் பேச்சையும் தனித்தனியாகப் படிப்பது முடியாத காரியம். அதனால் 1992இல் மைக்ரோசொஃப்ட் நிறுவனம் ஓடிபிசி என்ற பொது ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. ஆய்வு மென்பொருள் ஓடிபிசி முறையில் கேட்கும். அந்தந்தத் தரவுத்தளத்துக்கான டிரைவர் அதைத் தன் தரவுத்தளத்தின் பேச்சில் மாற்றிச் சொல்லும். ஆருக்கும் எஸ்பிஎஸ்எஸ்ஸுக்கும் சாஸுக்கும் இந்த வழி பொது. ஆகவே கீழே சொல்வது எந்த மென்பொருளை வைத்திருப்பவருக்கும் பெரும்பாலும் பொருந்தும்.

என் சாச்சியின் மகள் பல்கலைக்கழக இறுதி ஆண்டில் இருந்தபோது நடந்ததைச் சொன்னால் விளங்கும். அவளுடைய ஆய்வேடு மழைவீழ்ச்சிக்கும் தேங்காய் விளைச்சலுக்கும் உள்ள தொடர்பைப் பற்றியது. நம் புத்தளம் மாவட்டம் குருநாகல், கம்பஹா மாவட்டங்களோடு சேர்ந்து தென்னை முக்கோணம் எனப்படுகிறது. 1929இல் தென்னை ஆராய்ச்சி தொடங்கிய லுணுவிலவும் நம் மாவட்டத்தில்தான் இருக்கிறது. ஆகவே இந்தத் தலைப்பு நம்மவர்களுக்கு வீட்டுச் சொத்து மாதிரி. தென்னம்பாளை விரிந்ததிலிருந்து காய் முற்ற ஏறத்தாழ ஒரு வருடம் எடுக்கும். தோட்டங்களில் வழக்கமாக இரண்டு மாதத்துக்கு ஒரு பறிப்பு, வருடத்துக்கு ஆறு. இந்த வருடப் பறிப்பைப் போன வருட மழையோடுதான் பொருத்திப் பார்க்க வேண்டும். திகதிகள் ஒரு மாதம் பிசகினாலும் கணக்கு முழுவதும் பிசகும். அது பிறகு முக்கியமாகப் போகிறது.

தரவு அவளுடைய பீடத்தின் சேவையகத்தில் மைஎஸ்கியூஎல் தரவுத்தளமாக இருந்தது. விடுமுறைக்குச் சிலாபத்துக்கு வந்தவள் வீட்டிலிருந்து ஆர் மூலம் இணைய முயன்றாள். நான்கு இரவு. ஐந்தாம் நாள் சாச்சி எங்கள் வீட்டுக்கு வந்து, "இவளுக்கு இந்தப் பாடம் ஒத்துவராது போல இருக்கு, தலைப்பை மாத்தப் போறாளாம்" என்றார். எனக்குக் கோபம் வந்தது, சாச்சி மீது அல்ல. பிள்ளைக்குக் கணக்கு வரவில்லை என்று ஒரு கணினி சொன்னதாக ஒரு வீடு முழுவதும் நம்பியதுதான் காரணம். கணினி அப்படி எதுவும் சொல்லவில்லை. "தரவு மூலத்தின் பெயர் காணப்படவில்லை, டிரைவரும் குறிப்பிடப்படவில்லை" என்றுதான் சொன்னது. அதன் குறியீடு ஐஎம்002.

பின்னேரம் அவளோடு உட்கார்ந்தேன்.

"தாத்தா, கடவுச்சொல்லை எத்தனை தரம் மாத்திப் பார்த்துட்டேன்" என்றாள்.

ஐஎம்002 என்பது முதல் படியிலேயே நின்றுவிட்டது என்று பொருள். பேத்தி இல்லாமல் உம்மம்மா வீட்டு வாசலில் நிற்கிறார். செய்தி இன்னும் கணினியை விட்டே வெளியேறவில்லை. கடவுச்சொல்லை யாரும் கேட்கவுமில்லை, பார்க்கவுமில்லை. "டிரைவர் போட்டிருக்கிறேனே" என்றாள். போட்டிருந்தாள்தான். ஆனால் 32 பிட் டிரைவர். அவளுடைய ஆர் 64 பிட். 2022இல் வந்த 4.2.0 பதிப்பிலிருந்து விண்டோஸுக்கு 32 பிட் ஆர் வெளிவருவதே இல்லை. 64 பிட் மென்பொருளுக்கு 32 பிட் டிரைவர் கண்ணிலேயே படாது. பேத்தி வேறு வீட்டில் இருக்கிறாள்.

இதில் விண்டோஸ் ஒரு வேடிக்கை செய்து வைத்திருக்கிறது. ஓடிபிசியை அமைக்கும் கருவி ஒரே பெயரில் இரண்டு இடத்தில் இருக்கிறது. சிஸ்டம்32 என்ற கோப்புறையில் இருப்பது 64 பிட் கருவி. சிஸ்வாவ்64 என்ற கோப்புறையில் இருப்பது 32 பிட் கருவி. தட்டச்சுப் பிழை அல்ல, அப்படியேதான் இருக்கிறது. பழைய மென்பொருள்கள் குழம்பக் கூடாது என்பதற்காகப் பழைய பெயரை மாற்றாமல் விட்டதன் விளைவு. தொடக்கப் பட்டியலில் தேடினால் "ஓடிபிசி தரவு மூலங்கள்" என்று 32 பிட், 64 பிட் இரண்டும் தனித்தனியாகப் பெயரோடு வரும். அங்கே போவதே நல்லது. மென்பொருள் எத்தனை பிட்டோ அதே பிட் கருவியைத் திறந்து, டிரைவர் பட்டியலில் நமக்கு வேண்டியது இருக்கிறதா என்று பாருங்கள். பட்டியலில் இருக்கும் பெயரை எழுத்துக்கு எழுத்து அப்படியே பயன்படுத்த வேண்டும். கட்டமைப்புப் பொருந்தவில்லை என்று ஐஎம்014 வந்தாலும் நோய் இதேதான். வீட்டுக் கணினியில் 32 பிட் ஒஃபிஸ் போட்டிருந்து, அக்சஸ் கோப்பை ஆரிலிருந்து திறக்க முயல்பவர்களுக்கும் இதுவே நடக்கும்.

64 பிட் டிரைவரைப் போட்டோம். இப்போது வேறு பிழைச்செய்தி வந்தது. அவள் முகம் வாடியது, எனக்கு மகிழ்ச்சி. பிழைச்செய்தி மாறினால் அடுத்த படிக்கு வந்துவிட்டோம் என்று அர்த்தம். இதை மட்டும் ஒரு பிள்ளை நினைவில் வைத்திருந்தால் நான்கு இரவு அழ வேண்டியதில்லை.

புதிய செய்தி: நேரம் கடந்துவிட்டது, பதில் இல்லை. இங்கே இரண்டு செய்திகளைப் பிரித்தறிய வேண்டும். "இணைப்பு மறுக்கப்பட்டது" என்று உடனே வந்தால், அந்த முகவரியில் ஒரு கணினி இருக்கிறது, பதிலும் சொல்கிறது. ஆனால் நாம் தட்டிய சாளரத்தில் யாரும் இல்லை. தரவுத்தளம் ஓடவில்லை, அல்லது துறை எண் தவறு. மைஎஸ்கியூஎல்லுக்கு வழக்கமான எண் 3306, போஸ்ட்கிரெஸ்எஸ்கியூஎல்லுக்கு 5432, எஸ்கியூஎல் சேவருக்கு 1433, ஒராக்கிளுக்கு 1521. மாறாக, அரை நிமிடம் காக்க வைத்துவிட்டு "நேரம் கடந்துவிட்டது" என்று வந்தால், நம் தட்டல் போய்ச் சேரவே இல்லை, அல்லது நடுவில் உள்ள தீச்சுவர் அதைச் சத்தமில்லாமல் கீழே போட்டுவிட்டது. கடலுக்குப் போன வள்ளம் களப்பு வாயில் மணல்திட்டில் தட்டி நிற்பதை நம் ஊரில் எல்லாருக்கும் தெரியும். வள்ளத்திலும் குறையில்லை, கடலிலும் குறையில்லை.

முகவரியில் "லோக்கல்ஹோஸ்ட்" என்று இருந்தால் அதையும் கவனியுங்கள். அது, 127.0.0.1 என்ற எண்ணைப் போல, "இந்தக் கணினியே" என்று பொருள்படும் சொல். பாடக் குறிப்பில் உள்ள கட்டளையை அப்படியே பிரதிபண்ணினால், மடிக்கணினி தன் வீட்டுக் கதவையே தட்டிக்கொண்டிருக்கும்.

துறை திறந்திருக்கிறதா என்று பார்க்க ஆய்வு மென்பொருளே தேவையில்லை. விண்டோஸில் பவர்ஷெல்லைத் திறந்து டெஸ்ட்-நெட்கனெக்ஷன் என்ற கட்டளைக்குச் சேவையகத்தின் பெயரையும் துறை எண்ணையும் கொடுத்தால் ஆம், இல்லை என்று சொல்லிவிடும். பிங் மட்டும் செய்து பார்த்து முடிவெடுக்காதீர்கள். பல சேவையகங்கள் பிங்குக்குப் பதில் சொல்லாமலேயே தரவுத்தளத்தை நன்றாக ஓட்டிக்கொண்டிருக்கும்.

எங்கள் விடயத்தில் "இல்லை" என்று வந்தது. காரணம் எளியது. தரவுத்தளம் வளாகத்துக்குள்ளிருந்து மட்டும் அணுகக்கூடியது. அது சரியான ஏற்பாடும்கூட. வீட்டிலிருந்து போக விபிஎன் வேண்டும். விபிஎன் என்பது வீட்டுக் கணினிக்கும் வளாகத்துக்கும் இடையே போடப்படும் ஒரு மூடிய பாதை. அதனுள் போனால் வளாகத்துக்குள் உட்கார்ந்திருப்பது போலத்தான். அவளுக்கு அந்த வசதி இருந்தது, நூலகத்தின் மின்னிதழ்களை வாசிப்பதற்காக. தரவுத்தளத்துக்கும் அதுவே வேண்டும் என்று யாரும் அவளிடம் சொல்லியிருக்கவில்லை. இந்த இடத்தில் சில பிள்ளைகள் இணையத்தில் யாரோ சொன்னதைக் கேட்டு மடிக்கணினியின் தீச்சுவரை முழுதாக அணைத்துவிடுவார்கள். செய்யாதீர்கள். தடுப்பது பெரும்பாலும் அந்தப் பக்கத்துச் சுவர். நம் வீட்டுச் சுவரை இடிப்பதால் அது திறக்காது.

விபிஎன் போட்டதும் மூன்றாவது செய்தி வந்தது: இன்ன பயனருக்கு அனுமதி மறுக்கப்பட்டது, எண் 1045. இப்போதுதான் கடவுச்சொல் என்ற பேச்சே எழுகிறது. மைஎஸ்கியூஎல்லின் இந்தச் செய்தியில் வாசிக்க வேண்டிய இடங்கள் இரண்டு. முடிவில் "கடவுச்சொல் பயன்படுத்தப்பட்டதா: ஆம்" என்ற பொருளில் ஒரு துண்டு இருக்கும். ஆம் என்றால் ஏதோ ஒரு கடவுச்சொல் அனுப்பப்பட்டது என்று மட்டும்தான் பொருள், அது சரி என்று பொருளல்ல. இல்லை என்றால் நாம் எழுதிய கடவுச்சொல் வழியிலேயே விழுந்துவிட்டது. கடவுச்சொல்லில் அரைப்புள்ளி இருந்தால் இப்படி நடக்கக்கூடும். இணைப்பு வரியில் அரைப்புள்ளிதான் ஒரு விபரத்தை இன்னொன்றிலிருந்து பிரிக்கும் குறி, அதனால் கடவுச்சொல் பாதியில் வெட்டுப்படும். இரண்டாவது இடம், பயனர் பெயருக்குப் பின்னால் வரும் முகவரி. மைஎஸ்கியூஎல் "யார்" என்று மட்டும் பார்ப்பதில்லை, "எங்கிருந்து" என்றும் பார்க்கும். அவளுடைய கணக்கு ஆய்வுகூடக் கணினிகளின் முகவரிகளுக்கு மட்டும் திறந்திருந்தது. விபிஎன் வழியே வரும்போது முகவரி வேறு. போஸ்ட்கிரெஸ்எஸ்கியூஎல்லிலும் இப்படி ஒரு பட்டியல் உண்டு. அதில் உங்கள் முகவரி இல்லாவிட்டால் பட்டியலின் கோப்புப் பெயரையே சொல்லி மறுக்கும்.

இதை நாங்கள் சரிசெய்ய முடியாது. சேவையகத்தைப் பராமரிப்பவரிடம் கேட்க வேண்டும். கேட்பதுதான் நம் பிள்ளைகளுக்கு எல்லாவற்றையும் விடக் கடினம் என்பதைப் பார்த்திருக்கிறேன். "சேர் என்ன நினைப்பாரோ" என்று ஒரு கிழமை போகும். "எனக்கு டேட்டாபேஸ் வேலை செய்யவில்லை" என்று எழுதினால் அவரும் ஒன்றும் செய்ய முடியாது. அவள் எழுதியது ஏறத்தாழ இப்படி: இன்ன சேவையகம், துறை 3306, டிரைவரின் பெயரும் பதிப்பும் இவை, 64 பிட், விபிஎன் இணைந்திருக்கிறது, துறை திறந்திருப்பதைச் சோதித்தேன், இன்று மாலை இத்தனை மணிக்கு 1045 வந்தது, செய்தி முழுதாகக் கீழே, இதே கணக்கு ஆய்வுகூடத்தில் வேலை செய்கிறது, இந்த முகவரியிலிருந்து வாசிக்க மட்டும் அனுமதி வேண்டும். ஆறேழு வரி. மறுநாள் காலை அனுமதி வந்துவிட்டது. நேரத்தைக் குறிப்பிடுவது முக்கியம்; சேவையகத்தின் பதிவேட்டில் அவர் அந்த நேரத்தைத் தேடிப் பார்ப்பார்.

"வாசிக்க மட்டும்" என்றதையும் கவனியுங்கள். ஆய்வு செய்பவருக்கு எழுதவும் அழிக்கவும் உரிமை எதற்கு? கடவுச்சொல்லைக் கட்டளைக் கோப்புக்குள் எழுதி வைப்பதும் வேண்டாம். கோப்பைத் தோழிக்கு அனுப்பும்போது கடவுச்சொல்லும் சேர்ந்து போகும். ஆரில் அதைத் தனிக் கோப்பில் சூழல் மாறியாக வைக்கலாம், அல்லது கணினியின் சாவிப்பெட்டியில் வைக்கலாம். உதவி கேட்டு வட்ஸ்அப்பில் திரைப்படம் பிடித்துப் போடும் முன் அதில் கடவுச்சொல் தெரிகிறதா என்று பாருங்கள். மனிதர்களைப் பற்றிய தரவு என்றால், 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் நம் நாட்டில் இருக்கிறது என்பதும் நினைவிலிருக்கட்டும்.

உள்ளே போனபிறகு "அப்படி ஓர் அட்டவணை இல்லை" என்று வரலாம். பெரும்பாலும் பெயரில்தான் சிக்கல். போஸ்ட்கிரெஸ்எஸ்கியூஎல்லில் அட்டவணையின் பெயர் ஆங்கிலப் பெரிய எழுத்தோடு உருவாக்கப்பட்டிருந்தால், இரட்டை மேற்கோளுக்குள் எழுதினாலொழிய அது பெயரைச் சிறிய எழுத்தாக மாற்றித் தேடும், கிடைக்காது.

இணைப்புக் கிடைத்துவிட்டது, இனி ஆய்வு என்று எழுந்துவிடுகிறார்கள். என் கணிப்பில் இங்கேதான் கூடுதல் ஆபத்து. இணைய மறுக்கும் தரவுத்தளம் சத்தம் போட்டுச் சொல்லும். தவறாக இணைந்த தரவுத்தளம் வாயே திறக்காது.

முதலில் தமிழ். அட்டவணையில் ஊர்ப் பெயர்கள் தமிழில் இருந்தன. அவள் திரையில் எல்லா ஊரும் கேள்விக்குறிகள். சிலாபம் என்பது நம் கண்ணுக்கு நான்கு எழுத்து. யுனிக்கோட்டில் கொம்பும் காலும் புள்ளியும் தனித்தனிக் குறிகள் என்பதால் அது ஏழு. யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு குறிக்கும் மூன்று பைட், ஆக 21 பைட். ஓர் எழுத்துக்கு ஒரு பைட் என்று நினைக்கும் எதுவும் இதற்கு இடம் கொடுக்காது. மைஎஸ்கியூஎல்லின் ஓடிபிசித் தொகுப்பைப் போட்டால் ஆன்சி, யுனிக்கோட் என்று இரண்டு டிரைவர்கள் வரும். அவள் பிரதிபண்ணிய பாடக் குறிப்பில் ஆன்சி இருந்தது. யுனிக்கோட் என்று மாற்றியதும் புத்தளமும் மாதம்பையும் தமிழில் எழுந்து வந்தன. மாற்றியும் வராவிட்டால், தரவு சேமிக்கப்பட்டபோதே கெட்டிருக்கலாம். அதைக் கண்டறிய, ஹெக்ஸ் என்ற சார்பால் அந்தப் பெயரைப் பதினாறடி எண்ணாக எடுத்துப் பாருங்கள். 3எஃப், 3எஃப் என்று வரிசையாக வந்தால் சேமித்திருப்பதே கேள்விக்குறிதான். மூலப் பதிவேட்டுக்குத் திரும்புவதைத் தவிர வழியில்லை.

அடுத்தது திகதி. மாதத் தொகைகள் ஒவ்வொரு மாதமும் முதல் திகதி நள்ளிரவு என்று குறிக்கப்பட்டிருந்தன. இலங்கை நேரம் உலகப் பொது நேரத்துக்கு 5 மணி 30 நிமிடம் முன்னால் இருக்கிறது. இணைப்புப் பொது நேரத்தில் வாசித்தால் சனவரி 1 நள்ளிரவு, டிசெம்பர் 31 மாலை 6.30 ஆகிவிடும். மாதத்தை மட்டும் பிரித்தெடுத்தால் சனவரி மழை முழுவதும் டிசெம்பர் மழையாகும், அதுவும் போன வருட டிசெம்பர். மழைக்கும் பறிப்புக்கும் இடையே எத்தனை மாதம் என்று தேடும் ஆய்வில் இதைவிட மோசமான விபத்து இல்லை. விடை வரும், அழகாகவும் வரும், ஒரு மாதம் தள்ளி வரும். இணைக்கும்போது நேர வலயம் ஆசியா/கொழும்பு என்று குறிப்பிட வேண்டும். மணி தேவையில்லாத இடத்தில் திகதி வகையை மட்டும் பயன்படுத்தினால் இந்தத் தொல்லையே இல்லை.

மூன்றாவது, இல்லாத அளவீடு. மழை பெய்யாத நாள் வேறு, மழைமானியை யாரும் பார்க்காத நாள் வேறு. தரவுத்தளத்தில் பின்னதற்கு நல் என்ற வெற்றுக்குறி உண்டு; ஆர் அதை என்ஏ என்று பெற்றுக்கொள்ளும், சாஸ் ஒரு புள்ளியாக வைத்துக்கொள்ளும். ஆனால் பழைய பதிவுகளில் சிலர் 0 என்று எழுதிவிடுவார்கள், சிலர் −99 என்று. ஐந்து நாளில் 10, 0, 20, 30 மில்லிமீற்றர், ஒருநாள் அளவில்லை என்று கொள்ளுங்கள். விடுபட்ட நாளை ஒதுக்கினால் சராசரி 15. அதைப் பூச்சியமாக எடுத்தால் 12. −99ஐ எண்ணாகவே கூட்டினால் −7.8. வானத்திலிருந்து கழித்தல் மழை பெய்யாது என்பதால் கடைசி விடையை யாரும் பிடித்துவிடுவார்கள். 12ஐப் பிடிக்க மாட்டார்கள்.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. மகள் இரவில் மடிக்கணினி முன்னால் ஒரே சிவப்பு வரியைப் பார்த்துக்கொண்டிருந்தால், "இன்னும் முடியலையா" என்பதற்குப் பதிலாக "நேற்று வந்த செய்தியும் இன்று வந்த செய்தியும் ஒன்றா, வேறா?" என்று கேட்டுப் பாருங்கள். ஆங்கிலமோ கணினியோ தெரியாத உம்மாவும் இந்தக் கேள்வியைக் கேட்கலாம். வேறு என்று பதில் வந்தால் பிள்ளையைத் தொந்தரவு செய்யாமல் தேநீர் கொடுத்துவிட்டுப் போகலாம். ஒன்றுதான் என்றால், ஒரே நேரத்தில் நான்கு விடயங்களை மாற்றிக்கொண்டிருக்கிறாளா என்று விசாரியுங்கள். ஒன்றை மாற்றி, முயன்று, என்ன வந்தது என்று கொப்பியில் எழுதிவிட்டுத்தான் அடுத்ததை மாற்ற வேண்டும்.

சாச்சியின் மகள் தலைப்பை மாற்றவில்லை.

தங்கைமார் இணைப்புக் கிடைத்த முதல் நாளிலேயே மூன்று காரியம் செய்யுங்கள். சேவையகத்திடம் மொத்தம் எத்தனை வரிசை என்று கேளுங்கள், உங்களிடம் வந்து சேர்ந்தது எத்தனை என்று எண்ணுங்கள். இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும். மிகப் பழைய திகதியையும் மிகப் புதிய திகதியையும் எடுத்துப் பாருங்கள். பிறகு ஏதாவது ஒரு மாதத்தைத் தெரிந்தெடுத்து, கையால் எழுதிய மூலப் பதிவேடு யாரிடம் இருக்கிறதோ அவரிடம் போய், அந்த மாதத்து மழை அதே மாதத்தில் அதே அளவில் இருக்கிறதா என்று விரல் வைத்துப் பாருங்கள்.